முடிச்சில்லாத சிட்டங்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் ஐந்து பேரும் கடற்கரைக்குப் போயிருந்தோம். துறைமுகத்துப் பக்கம் நின்ற கப்பலின் மேல்தட்டில் ஒருவன் இரண்டு கொடிகளைப் பிடித்துக்கொண்டு கைகளை நீட்டியும் மடக்கியும் எதையோ காட்டிக்கொண்டிருந்தான். நான் என்னை அறியாமல் எழுத்தெழுத்தாக வாய்விட்டுப் படித்துவிட்டேன். தண்ணீர்ப் படகு இன்னும் வரவில்லை என்று அவன் கரைக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். நீங்கள் நால்வரும் கப்பலை விட்டுவிட்டு என்னைப் பார்த்தீர்கள். கடலே இல்லாத சேலத்துக்காரிக்கு இது எங்கே கிடைத்தது என்று கேட்டீர்கள். தந்திப் பயிற்சியில் கற்றிருப்பாள் என்று உங்களில் ஒருத்தியே பதிலும் சொல்லிவிட்டாள். நாம் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பயின்றவர்கள். அங்கே கொடி கற்றுத்தரவில்லை என்பது உங்களுக்கும் தெரியும். அன்று நான் மறுக்காமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. அதை முதலில் சொல்லவேண்டிய ஆள் ஒருவர் இருந்தார். போன வாரம் அவரிடம் சொல்லியாகிவிட்டது. இனி உங்களுக்கும் சொல்லலாம்.

எதையும் பட்டியல் போட்டு எழுதுகிறவள் என்று விடுதியில் என்னைக் கேலி செய்கிறீர்கள். அந்தப் பழக்கமும் இந்தக் கதையில்தான் தொடங்குகிறது.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது, அண்ணனுக்குப் பதினாறு. உலகச் சண்டை தொடங்குவதற்குச் சில வருஷங்கள் முன்பு. சேலத்திலிருந்து பனமரத்துப்பட்டி ஏரிக்குப் போகிற வழியில் எங்கள் நெசவுத் தெரு. வீட்டுக்குள் இரண்டு குழித்தறி. ஒன்றில் அப்பா, இன்னொன்றில் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு அண்ணன். நானும் அம்மாவும் தார் சுற்றுவோம். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குச்சியில் ஊடை நூலைச் சுற்றினால் அது தார். ஒரு தார் தீர்ந்ததும் தறியிலிருந்து குரல் வரும், அடுத்ததை எடுத்துக்கொண்டு ஓடவேண்டும். எங்கள் வீட்டில் பேச்சென்று இருந்ததில் பாதி அதுதான்.

அம்மாவின் தம்பி பம்பாயில் துறைமுகக் கிடங்கில் எழுத்தராக இருந்தார். அந்த மாமாவிடமிருந்து ஒருநாள் தபாலில் ஒரு பொட்டலம் வந்தது. பிரித்ததும் வீடு முழுக்கக் கருவாட்டு வாடை. உள்ளே மாலுமி வேலை கற்றுத்தரும், முதுகு கிழிந்த ஒரு பழைய இங்கிலீஷ் புத்தகமும், அச்சடித்த ஒரு விண்ணப்பமும், கடிதமும் இருந்தன. பம்பாயில் நங்கூரம் போட்டு நிற்கும் ஒரு கப்பலையே பள்ளிக்கூடமாக வைத்திருக்கிறார்களாம். அண்ணன் வயதுப் பையன்களை அதில் சேர்த்துச் சரக்குக் கப்பல் அதிகாரியாகப் பழக்குகிறார்களாம். கணக்கில் கெட்டிக்காரனான மருமகனை ஏன் தறிக்குழியில் இறக்கி வைத்திருக்கிறீர்கள் என்று மாமா அப்பாவைக் கேட்டிருந்தார்.

அப்பா கடிதத்தை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு அம்மாவிடம், "கண்டிச்சீமைக்குக் கங்காணி ஆள் புடிச்சப்பவும் இப்படித்தான் இனிக்க இனிக்கப் பேசுனான். உந்தம்பிக்கு இதுல என்ன ஆதாயம்னு கேட்டு எழுது" என்றார். தேயிலைத் தோட்டத்துக்குப் போய்த் திரும்பாத ஆள் ஒருவராவது இல்லாத தெரு எங்கள் பக்கத்தில் கிடையாது. கப்பல் என்ற சொல்லுக்கு அப்பா அறிந்த பொருள் அதுதான். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு இது சர்க்கார் காரியந்தான் என்று சொல்லியும் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதற்குச் சரி என்று பொருள்.

விண்ணப்பத்தில் கேட்டிருந்தவற்றை நான் என் கணக்கு நோட்டின் கடைசித் தாளில் எழுதிக்கொண்டேன். வயது, கணக்கு, இங்கிலீஷ், நீச்சல், உடம்பு, கண். கடைசியில் இருந்த சொல்லை யாரும் இரண்டாவது முறை பார்க்கவில்லை. அண்ணனுக்குக் கழுகுக் கண். ஏரியின் அக்கரையில் கொக்கு நிற்கிறதா, நாரை நிற்கிறதா என்று இக்கரையிலிருந்தே சொல்லுவான்.

புத்தகத்தில் இருந்த கொடிப் பாஷையில்தான் எங்கள் பயிற்சி தொடங்கியது. எங்கள் என்று சொல்வதற்குக் காரணம், கொடி காட்ட ஒருவர் இருந்தால் படிக்க இன்னொருவர் வேண்டும். தெருவில் வேறு யாருக்கும் இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. தறியில் மிஞ்சிய சிவப்புத் துணியையும் மஞ்சள் துணியையும் குறுக்கே இணைத்து நாலு கொடி தைத்தேன். சனி, ஞாயிறு காலையில் அவன் ஏரிக்கரையின் ஒரு கோடியிலும் நான் மறுகோடியிலும் நிற்போம். எந்தக் கை எந்தச் சாய்வில் நிற்கிறதோ அதுதான் எழுத்து. கொடியின் நிறத்துக்கு அதில் வேலையே இல்லை. இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்போது நினைக்கவில்லை.

ஏரிக் காவலர் மூன்று வாரம் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, நாலாவது வாரம் அண்ணனிடம் போனார். அங்கே நடந்ததை அவன் வழியெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

"ஏஞ்சாமி, அந்தக் கோடியில நிக்கறது யாரு?"

"என் தங்கச்சிங்க."

"தங்கச்சிகிட்டப் பேசறதுக்குக் கொடி எதுக்கு? வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கற?"

அண்ணன் புத்தகத்தைக் காட்டி விளக்கியிருக்கிறான். காவலர் நம்பவில்லை. தன் எருமையின் பெயரை அவன் காதில் சொல்லி, இதை அந்தப் பாப்பாவுக்குச் சொல்லு பார்க்கலாம் என்றார். பிறகு கால் மணி நேரம் கரைமேல் நடந்து என்னிடம் வந்து, என்ன பேர் என்று கேட்டார். "மயிலைங்க" என்றேன். அதோடு சந்தேகம் தீரும் என்று நினைத்தேன். அவர் முகம் இன்னும் இருண்டுபோயிற்று. இது நல்லதுக்கில்லை என்று சொல்லிவிட்டு நேரே மணியக்காரரிடம் போய்விட்டார்.

கொடி பிடித்ததற்காக ஆட்களைச் சிறைக்கு அனுப்பிய காலம் அது. மணியக்காரர் அப்பாவை வரச்சொல்லி, உன் பிள்ளைகள் ஏரியில் யாருக்கு அடையாளம் காட்டுகிறார்கள் என்று கேட்டார். அப்பாவுக்கு எங்கள் கொடியைப் பற்றி ஒன்றுமே தெரியாது. ஆனாலும், "துணியும் என்னுது, புள்ளைங்களும் என்னுதுங்க. தப்பா இருந்தா என்னைக் கேளுங்க" என்று சொன்னாராம். வீட்டுக்கு வந்து எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பாவுடைய அந்தப் பதிலை நான் பின்னால் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

புத்தகத்தில் கயிற்று முடிச்சுகளுக்கென்றே பத்துப் பக்கம் இருந்தது. இரண்டு கயிற்றை இணைக்க மாலுமிகள் போடும் முடிச்சின் படத்தை அண்ணன் விரித்து வைத்துப் பழகிக்கொண்டிருந்தான். பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுவிட்டு வந்த அம்மா ஈரக்கையோடு எட்டிப் பார்த்தாள். அறுந்த இழையை ஒட்டவைக்க எங்கள் தெருவில் குழந்தைகூட ஒரு நாளைக்கு ஐம்பது தடவை போடுகிற முடிச்சு அது. "இதைப் படிக்கவா பம்பாய் போவணும்? உந்தங்கச்சி கண்ணை மூடிட்டுப் போடுவாளே" என்றாள். அந்தப் பொட்டலம் வந்த பிறகு அம்மா சிரித்தது அன்றுதான்.

முடிச்சைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். அதுதான் இந்தக் கதைக்கு அச்சாணி. நூலை வளையமாகச் சுற்றிய சிட்டத்தைச் சாயத்துக்குக் கொடுக்கும்போது இழைகள் கலையாமல் ஒரு கட்டுநூல் போட்டுக் கட்டுவோம். ஈரத்தில் எல்லாச் சாயமும் கறுப்பாகத் தெரியும். வீட்டுக்குள் வெளிச்சமும் குறைவு. அதனால் எங்கள் வீட்டில் கட்டுநூலிலேயே அடையாளம் வைத்துவிடுவோம். அரக்குக்கு ஒரு முடிச்சு, பச்சைக்கு இரண்டு, நீலத்துக்கு மூன்று. மஞ்சளுக்குத் தேவையில்லை. முடிச்சுப் போடுவது என் வேலை. எடுக்கிறவர்கள் விரலால் தடவியே எடுத்துவிடுவார்கள். நூலைக் கண்ணால் பார்த்து எடுக்கிறவன் நெசவுக்குப் புதுசு என்று அப்பா சொல்லுவார்.

பொட்டலம் வருவதற்குச் சற்று முன்பு வீட்டில் ஒரு வம்பு நடந்திருந்தது. எலி கடித்துச் சில கட்டுநூல்கள் அறுந்துபோயின. அன்று அண்ணன் தறியில் ஒரு சேலையின் பச்சை முந்தானை ஓடிக்கொண்டிருந்தது. அவனே எடுத்துச் சுற்றிய தாரை வைத்து மேற்கொண்டு நெய்துவிட்டான். அப்பா சேலையை விரித்துப் பார்த்தபோது பாதி முந்தானை பச்சை, பாதி முந்தானை அரக்கு. அப்பா அவனைத் தறிக்கோலால் அடித்தார். தறியை விட்டுத் தப்பிக்க வேண்டுமென்றே செய்தான் என்பது அவர் முடிவு. அண்ணன் கவனப் பிசகு என்று மட்டும் சொன்னான். அதற்கு முன்பும் இப்படிச் சின்னச் சின்னதாக நடந்திருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் அடி விழுந்திருக்கிறது. கெட்டுப்போன அந்தச் சேலையை அம்மா வீட்டில் உடுத்தத் தொடங்கினாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் அவளைப் பார்த்து ஏன் சிரிக்கிறார்கள் என்று அண்ணன் ஒருநாள் என்னைத் தனியாகக் கேட்டான். கிண்டலுக்குக் கேட்கிறான் என்று நினைத்தேன். கிண்டல் இல்லை என்று அவன் முகம் சொல்லிற்று.

அன்றுதான் கணக்கு நோட்டில் சந்தேகப் பட்டியல் போட ஆரம்பித்தேன். பழுத்த மிளகாய் பறிக்கப் போனால் ஒவ்வொரு காயையும் அமுக்கிப் பார்க்கிறான். புத்தகத்தில் வண்ணக் கொடிகளின் படம் போட்ட தாளைத் திறப்பதே இல்லை, கேட்டால் அங்கே போய்ப் படித்துக்கொள்ளலாம் என்கிறான். என் பாவாடையின் நிறத்தைச் சொல்லி என்னைக் கூப்பிட்டதே இல்லை. இப்படி ஏழெட்டு எழுதியும் என்ன வியாதி என்று எனக்குப் பெயர் தெரியவில்லை.

விண்ணப்பத்தோடு ஜில்லா ஆஸ்பத்திரி டாக்டரின் சான்றும் இணைக்க வேண்டும். அதற்கு நாள் குறித்த பிறகு ஒரு சனிக்கிழமை, செவ்வாய்ப்பேட்டை நூல்கடையில் அப்பாவைப் பார்த்த ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் அவரோடேயே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் தகரப்பெட்டி. திறந்தால் கம்பளி நூலில் விரல் நீளச் சின்னச் சின்னச் சிட்டங்கள். பாதிக்கு மேல் பூச்சி அரித்துத் தூளாகக் கிடந்தன. ரயிலுக்கும் கப்பலுக்கும் போகிறவர்களுக்குக் கண் பார்க்கிற பெட்டி இது என்றார். டாக்டர் ஒரு சிட்டத்தை எடுத்து வைப்பாராம், அதன் சாயலில் உள்ளதையெல்லாம் பையன் பொறுக்கிச் சேர்க்க வேண்டுமாம். பூச்சி வராமல் பெட்டிக்கு ரசகற்பூரம் வைக்க வேண்டியது அவர் பொறுப்பு, வைக்கவில்லை. டாக்டருக்குத் தெரியாமல் அதே சாயத்தில் புதிதாகப் போட்டுக்கொடுக்க வேண்டும் என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். "நெசவுக்காரன் ஊட்டுப் பையனுக்கு நூல்லயா பரீட்சை வெக்கறீங்க? மீனுக்கு நீச்சல் பரீட்சை வெச்ச கதையா இருக்குதுங்க."

அண்ணன் சிரிக்கவில்லை. பெட்டியைப் பார்த்தான், பிறகு வாசலைப் பார்த்தான். அதையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

வெள்ளைக் கம்பளி நூல் வாங்கி வந்து அலசிக் காயப்போட்டோம். ஈரமான கம்பளி நனைந்த ஆட்டைப்போல நாறும். ஒரு வாரம் வீட்டில் அந்த நாற்றந்தான். வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை, ரோஜாவிலிருந்து அரக்கு வரை, நடுவில் ஏமாற்றுவதற்காகப் பழுப்பும் சாம்பலும் என்று நாற்பது சிட்டங்கள். சாயக்காரருக்குக் கொடுக்கும் முன் கட்டிவைக்கச் சொன்ன அப்பா, "வழக்கம்போலக் கட்டிரு பாப்பா" என்றார். வழக்கம்போலவே கட்டினேன். பச்சை வகைக்கு இரண்டு முடிச்சு, சிவப்பு வகைக்கு ஒன்று. பழுப்புக்கும் சாம்பலுக்கும் எங்கள் வீட்டில் கணக்கு கிடையாது, அதனால் வெறுங்கட்டு. அப்பா அதைப் பழக்கதோஷத்தில் சொன்னாரா, தெரிந்து சொன்னாரா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சாயம் காய்ந்து வந்த அன்று அண்ணன் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தான். ஒவ்வொரு சிட்டமாக எடுத்தான். கண் எங்கேயோ இருந்தது, விரல் மட்டும் கட்டுநூலின் மேல் ஓடியது. பச்சையைத் தனியாக, சிவப்பைத் தனியாக, மற்றதைத் தனியாக ஒரு பிசகில்லாமல் வைத்தான். பல நாளாகக் காணாத தெளிவு அவன் முகத்தில் வந்தது.

மறுநாள் ஏரிக்கரையில் கொடிகளைக் கீழே வைத்துவிட்டு, பைக்குள்ளிருந்து இரண்டு துண்டுத் துணியை எடுத்துக் காட்டினேன். ஒன்று அரக்கு, ஒன்று பச்சை. இதில் எது பச்சை என்று கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். துணியை வாங்கித் தடவினான். துணியில் முடிச்சு ஏது? கடைசியில் அரக்கைத் தொட்டு இதுதான் என்றான். நான் துணிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அதிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"எப்ப இருந்து?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும்னு ரொம்ப நாள் நெனச்சிட்டிருந்தேன். ரெண்டுக்கும் எதுக்கு வேற வேற பேரு வெச்சாங்கன்னு மட்டும் புரியல." கீழே கிடந்த கொடியை எடுத்துச் சுற்றினான். "அப்பாகிட்டச் சொல்லிராத பாப்பா. நல்லவேளைக்கு நம்ம ஊட்டு முடிச்சே அந்தப் பெட்டிக்கும் வந்திருக்குது."

"எதுக்க ஒரு கப்பல் வந்தா?"

அவனுக்கு நான் கேட்டது புரிந்தது. புத்தகத்தில் அந்தப் பக்கத்தை நாங்கள் இருவரும் மனப்பாடமாக வைத்திருந்தோம். பொழுது சாய்ந்தால் கப்பலின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை விளக்கு. எதிரே வருகிற கப்பல் எந்தப் பக்கத்தைக் காட்டுகிறது, எப்படித் திருப்பினால் மோதாது என்பதை அந்த நிறத்தை வைத்துத்தான் முடிவு செய்யவேண்டும். விளக்கில் முடிச்சுப் போட முடியாது.

"பக்கத்துல ஆளு இருப்பான், கேட்டுக்குவேன்" என்றான். பிறகு, "எனக்கு இந்தக் குழியில இருந்து ஏறணும் பாப்பா. இதை உட்டா எனக்கு வேற வழி இல்ல" என்றான். அவன் என்னிடம் கெஞ்சியது அந்த ஒரு முறைதான்.

சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அதை மீறவும் இல்லை.

பெட்டியைத் திருப்பிக் கொடுப்பதற்கு முந்தின நாள் பிற்பகல் அண்ணன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். அம்மா தெருவில் பாவு விரித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் தறிச்சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் உள்ளறையில் உட்கார்ந்து நாற்பது சிட்டங்களையும் எடுத்து வெளியே வைத்தேன். முடிச்சுப் போட்ட கட்டுநூலை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டு, முடிச்சில்லாத புது நூலால் கட்டினேன். எத்தனை கப்பல், ஒரு கப்பலில் எத்தனை பேர் என்று மனசு எண்ணிக்கொண்டே இருந்தது. அண்ணனும் அதில் ஒருவன். பதினேழாவதோ பதினெட்டாவதோ கட்டும்போது தறிச்சத்தம் நின்றிருப்பதை உணர்ந்தேன். நிமிர்ந்தால் நிலைப்படியில் அப்பா. தண்ணீர்ச் செம்பைத் தூக்கிக் குடித்துக்கொண்டிருந்தார். என் மடியில் கிடந்த முடிச்சு நூல்களின் மேல் அவர் பார்வை இருந்ததாகத்தான் எனக்குத் தோன்றியது. செம்பைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டுப் போனார். மறுபடி தறி ஓடத் தொடங்க வழக்கத்தைவிட நேரமாயிற்று.

பெட்டியை அப்பாவே கொண்டுபோய்க் கம்பவுண்டரிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

சோதனை நாளன்று காலையில் அண்ணன் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு நின்றான். புறப்படுகிற நேரத்தில் அப்பா, "போவோணுமா சாமி?" என்று கேட்டார். அண்ணனை அவர் சாமி என்று கூப்பிட்டு வருஷக்கணக்காகியிருந்தது. அண்ணன் செருப்பைப் போட்டுக்கொண்டு முதலில் இறங்கிவிட்டான்.

பிற்பகலில் திரும்பி வந்தார்கள். இருவருக்கும் நடுவில் பத்தடி இடைவெளி. அப்பா யாரையும் பார்க்காமல் நேரே தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தார். அவர் கேட்காமலே நான் ஒரு புதுத் தாரை நாடாவில் வைத்துக் கொடுத்தேன். அண்ணன் அவருக்கு எதிரே வந்து நின்றான். டாக்டர் எடுத்து வைத்த பச்சையோடு பழுப்பையும் சாம்பலையும் சேர்த்துவிட்டானாம். இது பிறவியிலேயே வருவது, அடித்துத் திருத்துகிற காரியமில்லை, மருந்தும் கிடையாது என்று டாக்டர் அப்பாவிடமே சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் அம்மாவுக்குச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, அண்ணன் அப்பாவைப் பார்த்துக் கேட்டான்.

"முடிச்சை அவுத்தது நீங்கதானே?"

நான் தாழ்வாரத்தில் ராட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"ஆமா" என்றார் அப்பா. நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு என்னைப் பார்த்து, "பாப்பா, தார் தீந்துபோச்சு. உள்ள போயி வேற கொண்டா சாமி" என்றார்.

உள்ளே போனேன். திரும்பி வந்தபோது அண்ணன் இல்லை. மறுநாள் தன் புத்தகங்களைக் கட்டிக்கொண்டு ஆத்தூரில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டான். அங்கேயே படித்து அங்கேயே கணக்கு வாத்தியாரானான். அப்பாவோடு பதினோரு வருஷமாகப் பேச்சில்லை. அம்மாவைப் பார்க்க வருவான், வாசலில் நின்றுவிட்டுப் போவான். கொடிகள் நாலையும் அம்மா அடுப்புத் துணியாக்கிவிட்டாள். புத்தகம் என்னிடந்தான் கொஞ்ச நாள் இருந்தது, எங்கே போயிற்று என்று தெரியவில்லை. சண்டைக் காலத்தில் பெண்களையும் தந்திக்கு எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் நான் விண்ணப்பம் போட்டதற்கு அந்தப் புத்தகந்தான் காரணம்.

பம்பாயில் எப்படியும் மறுபடி கண் பார்ப்பார்கள் என்று, பொதுவாக நான் விசாரித்தபோது நம் ஆபீசில் கப்பல் தந்தி பார்க்கிற ஒருவர் சொன்னார். அப்படியென்றால் நான் செய்தது வீண் வேலை. இருக்கலாம். அண்ணன் அங்கே போய்த் தோற்றிருந்தால் அப்பாவின் மேல் பழி விழுந்திருக்காது என்றும் நினைத்துப் பார்த்திருக்கிறேன். பார்த்திருக்கவே மாட்டார்களோ என்று எதிர்ப்பக்கத்திலும் நினைத்திருக்கிறேன். இந்த இரண்டில் எதற்கும் என்னிடம் சான்று கிடையாது.

போன வாரம் விடுமுறையில் ஊருக்குப் போனேன். முன்கூட்டியே எழுதியிருந்ததால் ஆத்தூரில் அண்ணன் என் ரயிலில் ஏறிக்கொண்டான். சேலம் வரைக்கும் பேசிக்கொண்டு வந்து, எதிர் வண்டியில் திரும்பிவிடுவது அவன் வழக்கம். அயோத்தியாப்பட்டணத்துக்குச் சற்று முன்னால், ஸ்டேஷனுக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டார்கள். பெட்டியில் எங்களைத் தவிர நிலக்கடலை மூட்டையோடு ஒரு கிழவர் தூங்கிக்கொண்டிருந்தார். நான் சொல்லிவிட்டேன். எந்த நாள், எந்த நேரம், எத்தனை சிட்டம், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

அண்ணன் சன்னல் கம்பியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்பா பாத்தாரா?"

"செம்பைக் கீழ வெச்சுட்டுப் போனாரு."

"அப்புறம் எதுக்கு ஆமான்னாரு?"

"அது எனக்குத் தெரியாது. ஒண்ணு மட்டுந்தான் தெரியும். தார் தீந்துபோச்சு, உள்ள போன்னு அனுப்புனாரே, அது தீரலைண்ணா. அப்பத்தான் நான் வெச்சுக் குடுத்தேன். முழுசா இருந்துச்சு."

அண்ணன் தலையை வெளியே நீட்டி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். தூரத்தில் கைகாட்டி மரம் நின்றது. எனக்கு அதன் கை சிவப்பாகத் தெரிந்தது. அவனுக்கு என்னவாகத் தெரிந்ததோ.

"கை எறங்கிருச்சு" என்றான். "போலாம்."

வண்டி அசைந்தது. அப்பாவுக்கு இப்போதும் தறியில் உட்கார முடிகிறதா என்று கேட்டான். முடிகிறது, ஆனால் கண் மங்கிவிட்டது, நூலெல்லாம் ஒரே நிறமாகத் தெரிகிறதாம், முடிச்சைத் தடவித்தான் எடுக்கிறார் என்றேன்.

சேலத்தில் இறங்கியபோது ஆத்தூர் போகிற வண்டி எதிரே புறப்படத் தயாராக நின்றது. அண்ணன் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. என் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, குதிரை வண்டிகள் நிற்கிற பக்கமாக எனக்கு முன்னால் நடந்தான்.